வைஃபைக்குக் கட்டிய பரிவட்டம்

காஞ்சிபுரத்தில் மரியாதை என்ற சொல்லைப் பார்த்துப் புழங்க வேண்டும். வேறு ஊர்களில் அது ஒரு குணம். எங்கள் ஊரில் அது ஒரு பொருள். கோயிலில் கொடுப்பார்கள், வாங்கி வரலாம், பங்காளிக்குப் போய்விட்டால் ஆயுசுக்கும் அவனோடு பேசாமல் இருக்கலாம். இது நன்றாகத் தெரிந்திருந்தும், வைஃபையைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

நான் பிறந்தது ஊரின் ஓரத்தில், செவிலிமேட்டில். அங்கே எல்லாம் புது வீடுகள், காலையில் பஸ் பிடித்து ஓடுகிற மனிதர்கள். என் அப்பாவுக்கு எந்தக் கோயிலிலும் எந்த மரியாதையும் கிடையாது, அதனால் நிம்மதியாக இருந்தார். கல்யாணமாகி நான் வந்தது ஊருக்குள், பட்டு நெய்யும் வீட்டுக்கு. மாமனார் இன்றும் தறியில் உட்காருகிறார். தெருக் கோயில் உற்சவத்தில் சாமி எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும்போது, சில குடும்பத்துப் பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் பட்டுத் துணியால் பரிவட்டம் கட்டி, விபூதி கொடுப்பார்கள். மாமனாரை மூன்றாவதாகக் கூப்பிடுவார்கள். இரண்டாவதாகப் போகிறவர் எங்கள் பங்காளி. அந்த இரண்டாவது இடம் நியாயப்படி தனக்கு வர வேண்டியது என்பது மாமனாரின் வழக்கு. இந்த வழக்கின் முழு விவரத்தையும் நான் இந்த வீட்டுக்கு வந்த அன்றே, பாலும் பழமும் சாப்பிட்டு முடிக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

என் வேலை நெட்வொர்க் சப்போர்ட். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் வைஃபையை இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன். அங்கே நர்சுகள் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு வார்டு வார்டாக நடப்பார்கள். அந்தப் போன் வைஃபையில்தான் பேசும். அதே வைஃபையில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். கிரிக்கெட் கொஞ்சம் நின்று வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. நர்ஸிடம் டாக்டர் சொல்லும் மருந்தின் அளவு பாதியில் உடைந்தால் கதை வேறு. அதனால் குரலுக்கு முதலில் வழி, அடுத்தது வீடியோவுக்கு, மற்றதெல்லாம் பின்னால் என்று வரிசை கட்டி வைப்போம். எங்கள் தொழிலில் இதற்குக் குவாலிட்டி ஆஃப் சர்வீஸ் என்று பெயர்.

வைஃபை என்பது காற்று. அந்தக் காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் வீண், இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே யார் முதலில் வாயைத் திறப்பது, யார் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கு மனிதர்களிடமே எப்போதும் இருந்ததில்லை.

வீடு நீளமான பழைய வீடு. சுவர்களின் கனத்துக்கு உள்ளே செல்போன் டவர் ஒரு கோடுகூடக் காட்டாது. யாரோடு பேசுவதென்றாலும் வைஃபை வழியாகத்தான் கால் வரும், போகும். கூடத்தில் மாமனாரின் தறி. அதையடுத்து அத்தையின், அதாவது என் மாமியாரின், டிவி, அதில் நெட் வழியாகச் சீரியல். நடு அறையில் கொழுந்தன் புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி லைவ் போடுவான். கடைசி அறையில் நான். இத்தனைக்கும் நடுவே என் குரல் கடல் தாண்டிப் போக வேண்டும். பல நாள் அது கூடத்தைக்கூடத் தாண்டவில்லை. அந்த மருத்துவமனைக்காரர் ஒரு நாள் நீங்கள் கிணற்றுக்குள் இருக்கிறீர்களா என்று கேட்டார். ஊரார் குரலையெல்லாம் உடையாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

என் மேலாளர் நல்ல பெண்மணி. கோபத்தைக்கூடத் தணிந்த குரலில்தான் சொல்வார். "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அடுத்த வாரம் கஸ்டமரோட ரிவ்யூ கால். அதுல உன் வாய்ஸ் உடைஞ்சா, அதுக்கப்புறம் நீ தினமும் சென்னை ஆபீஸுக்குத்தான் வரணும்."

கல்யாணமான புதிதில் அப்படித்தான் போய்வந்தேன். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவேன். வீட்டில் உள்ளவர்களை வாரம் முழுக்கத் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை என் உடம்பு அதற்கு ஒத்துவராது. சென்னைக்கு வா என்றால் வேலையை விட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். நான் இங்கே உட்கார்ந்து எதையோ தட்டினால் எங்கோ ஒரு நர்ஸின் குரல் தெளிவாகிறது என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. யாருக்காகவும் அதை விட எனக்கு மனசில்லை.

ஆகவே வீட்டு ரௌட்டரில் வரிசை போட உட்கார்ந்தேன். அது மலிவான ரௌட்டர். அதன் ஆப்பைத் திறந்தால், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனையும் டிவியையும் காட்டி, இதற்கு ஹையஸ்டா, ஹையா, மீடியமா, லோவா என்று கேட்கும். சாயங்காலம், வெள்ளிக்கிழமை. மாமனார் தறியை நிறுத்திவிட்டு என்னைக் கவனித்தார்.

"இன்னாம்மா, வைஃபை டப்பாவ நோண்டிக்கினு இருக்கிற?"

"எல்லாரும் ஒண்ணா யூஸ் பண்றோம்ல மாமா, அதான் சிக்குது. வரிசை போடறேன்."

"இன்னா வரிசை?"

ஆம்புலன்ஸ் வந்தால் எல்லாரும் ஒதுங்கி வழி விடுகிறோமே, அதுபோல என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அத்தை அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று இந்த வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது. என் வேலையைப் பற்றிக்கூட நான் வெள்ளிக்கிழமை பேசுவதில்லை. அதனால் ஒரு மங்களகரமான உதாரணமாகத் தேடினேன்.

"கோயில்ல வரிசையா மரியாதை குடுக்கறாங்கல்ல மாமா, அந்த மாதிரி."

கொழுந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அத்தை எரிகிற தீக்குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மாமனார் தறிக்குழியிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதல்ல யாருக்கு?"

"என் லேப்டாப்புக்கு மாமா. ஆபீஸ் கால் வருதுல்ல."

"ரெண்டாவது?"

"அத்தையோட டிவிக்கு."

"மூணாவது?" இதைக் கேட்கும்போது அவர் குரலே மாறிவிட்டது.

"லைவ் போடறாருல்ல, அவரு போனுக்கு."

"அப்போ நானு?"

பொய் சொல்லியிருக்கலாம். திரையில் அவர் போனின் பேருக்கு நேரே லோ என்று தெளிவாக இருந்தது, அவருக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் வரும். "அது மட்டம்னு அர்த்தம் இல்ல மாமா, கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு அர்த்தம்" என்றேன்.

"கோயில்ல மூணாவதாவது குடுக்கறான். ஊட்ல அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வைஃபையைத் தொடவில்லை. போன் பேச வேண்டுமென்றால் தெருமுனை டீக்கடைக்குப் போய் டவரில் பேசினார். பேச வேண்டியதும் நிறைய இருந்தது. இந்த வருட உற்சவத்தின் வரிசையை முடிவு செய்யக் கோயிலில் கூடப்போகிறார்கள், எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள், பங்காளிக்கு முன்னால் தன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருந்த சமயம் அது. டீக்கடையில் ஏன் இங்கே நின்று பேசுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொன்னார். பூக்காரம்மா என்னை நிறுத்தி, "ஏம்மா, மாமனாருக்கு வைஃபை போடலியாமே?" என்று விசாரித்தார். சோறு போடவில்லையாமே என்று கேட்கிற அதே தொனி. எனக்கு வந்த கோபத்தில் பூவை வாங்காமலே வந்துவிட்டேன்.

கணவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். எந்தச் சண்டையிலும் இரு தரப்பையும் முழுதாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் சொல்றதும் கரெக்ட்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லித் தூங்கப் போவது அவர் வழக்கம். இந்த முறை ஒரு படி மேலே போனார்.

"அப்பா போன ஒரு பேச்சுக்கு மேல போட்டுடேன்."

ரௌட்டருக்கு ஒரு பேச்சுக்கு என்பதெல்லாம் தெரியாது. மேலே போடு என்றால் மேலேதான் போடும். இருந்தாலும் வீட்டில் அமைதி வேண்டுமே என்று மாமனாரை ஹையஸ்டில் உட்கார வைத்தேன். அவரைக் கூப்பிட்டுத் திரையையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அன்று மத்தியானம் இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்று காலையில்தான் கொழுந்தன் இன்னொரு நல்ல காரியம் செய்திருந்தான். அப்பாவின் போனில் இடமில்லை என்று, உள்ளே இருப்பதையெல்லாம் நெட் வழியாகக் கிளவுடுக்கு அனுப்பி வைக்கும் வசதியைப் போட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே இருந்தவை: தினமும் வரும் காலை வணக்கப் படங்கள், பார்டர் டிசைன்கள், அப்புறம் வருடா வருடம் பரிவட்டம் கட்டும் நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவர் எடுத்த வீடியோக்கள். வழக்குக்குச் சாட்சி வேண்டுமல்லவா. சாப்பிட்டு முடித்து அவர் வைஃபையை ஆன் செய்ததும், அத்தனை சாட்சியும் ஒன்றாகக் கிளம்பியது. முதல் இடம் வேறு கொடுத்திருக்கிறேன். யாரும் குறுக்கே போக முடியாது.

முதலில் டிவி நின்றது. சீரியலில் மருமகள் மாமியாரை அறையக் கையை ஓங்கிய இடம். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அத்தை டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நடு அறையில் கொழுந்தன் அரக்குக் கலரில் டிசைன் எதுவும் இல்லாத ஒரு புடவையை விரித்துப் பிடித்து லைவில் பேசிக்கொண்டிருந்தான். படம் கட்டம் கட்டமாக உடைந்து போயிருக்கிறது. எங்கிருந்தோ ஒரு அம்மா, அந்தக் கட்டம் போட்ட புடவை எனக்கு வேண்டும் என்று எழுதிவிட்டார். இல்லை மேடம், அது பிளெய்ன் என்று இவன் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் இரண்டு பேர் அதே கட்டத்தைக் கேட்டார்கள். அப்படி ஒரு புடவையை இன்றுவரை எந்தத் தறியிலும் யாரும் நெய்யவில்லை.

கடைசி அறையில் நான் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார். அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து ஒரே ஒரு வரி மெசேஜ் வந்தது. புதன்கிழமை ரிவ்யூவை மறந்துவிடாதே என்று எழுதியிருந்தார்.

கூடத்துக்கு வந்து கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் செவிலிமேட்டு வேகம் வந்துவிடும். ஆனால் எனக்கு முன்பே அத்தை ஆரம்பித்திருந்தார்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டு இன்னாத்தங்க அனுப்பிக்கினு இருக்கீங்க? உங்க தலையில துணி கட்டுறத யாரு பாக்கப் போறா? மருமக வேல போவப் போவுது. மெட்ராஸ் ஆபீஸுக்கு வான்றாங்களாம். இல்லாட்டி உட்டுட்டு உக்காரணுமாம். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அத்தையிடமும் கணவரிடமும்தான் நான் சொல்லியிருந்தேன், கணவரோ இரண்டு பக்கமும் சரி என்று தூங்கிவிட்டார். மாமனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், அமுக்கக்கூடியதையெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. மருத்துவமனையில் நான் இன்ன டாக்டருக்கு முதலிடம், இன்ன நர்ஸுக்கு இரண்டாம் இடம் என்று போடுவதில்லை. டாக்டர் பேசினால் அது முன்னால் போகும். அதே டாக்டர் கிரிக்கெட் பார்த்தால் அது காத்திருக்கும். வரிசை வேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. வீட்டில் மட்டும் நான் ஆட்களை வரிசையில் நிற்க வைத்திருந்தேன். மரியாதை என்ற சொல் வாயில் வந்தது வெள்ளிக்கிழமையால் மட்டும் அல்ல, நான் போட்டதே ஒரு பரிவட்ட வரிசைதான். ரௌட்டரின் உள்பக்கம் போய்த் தேடினேன். யாருமே திறந்து பார்க்காத ஒரு மூலையில், வகைவாரியாகப் பிரிக்கும் வசதி இருந்தது. குரலை முதலில் வைத்தேன், அடுத்து வீடியோ, அப்புறம் மற்றவை, கடைசியில் கிளவுடுக்குப் போகும் மூட்டைகள். மாமனாரிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப யாருக்கும் வரிசை இல்ல மாமா. நீங்க போன்ல பேசினா அது முதல்ல போவும். போட்டோ அனுப்பினா கடைசில போவும்."

ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஆளு எப்படிம்மா முதல்லயும் நிப்பான், கடைசிலயும் நிப்பான்?"

"வைஃபைல நிக்கலாம் மாமா."

"கோயில்ல முடியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை ரிவ்யூ கால். மேலாளர் ஒரு பக்கம், மருத்துவமனைக்காரர் ஒரு பக்கம், நடுவில் நான். பேச ஆரம்பித்த சற்று நேரத்தில்தான் ஏதோ ஒரு குறை காதில் பட்டது. தறிச் சத்தம் இல்லை. டிவிச் சத்தமும் இல்லை. கொழுந்தன் லைவில் வழக்கமாகப் போடும் "வாங்க மேடம், வாங்க மேடம்" கூட இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. அந்த அமைதியில் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தைகூட உடையவில்லை.

அப்போது தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு வந்தார். அடுத்த நொடி, வாசலிலிருந்து மாமனாரின் குரல் இடி மாதிரி இறங்கியது.

"யம்மா, கத்தாம போம்மா! என் மருமக ஆஸ்திரேலியாவுல பேசிக்கினு இருக்குது! அதுக்கு வேல போய்டும்!"

மருத்துவமனைக்காரர் பேச்சை நிறுத்தினார். யாரோ ஆஸ்திரேலியா என்கிறார்களே என்று கேட்டார். என் மாமனார் என்றேன், வேறு என்ன சொல்வது. அவர் சிரித்துவிட்டு, இத்தனை மாதத்தில் உங்கள் வீட்டிலிருந்து இவ்வளவு தெளிவாக எதையும் கேட்டதில்லை, இனி ஒரு குறையும் இல்லை என்றார். கால் முடிந்ததும் மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். "நீ வீட்லயே இரும்மா. மாமாவுக்கு என் வணக்கத்தச் சொல்லு."

ஓடி வந்தேன். மாமனார் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மடியில் நூல் கூடை. அதற்குள் வீட்டில் உள்ளவர்களின் போன்கள், டிவி ரிமோட், எப்போதோ பழுதாகி ஓரம் கட்டிய ஒரு பழைய போன்கூட. எல்லாவற்றையும் பிடுங்கி அணைத்து வைத்திருந்தார். மேலாக அவருடைய போன். வேலை தப்பித்தது என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கூடையிலிருந்து எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கடைசியாகத் தன் போனை ஆன் செய்தார். தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் கோயிலிலிருந்து.

"மாமா, கோயில்ல கூப்ட்டு இருக்காங்களே!"

"கூப்ட்டா திரும்பக் கூப்புடுவான். எங்க போயிடப் போறான்? உன் ஆளு கூப்புடுவானா?"

கோயில்காரர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் போனையும் எடுக்கவில்லை, வரவும் இல்லை என்றதும் பழைய வரிசையே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். இந்த வருடமும் மாமனாருக்கு மூன்றாவதாகத்தான் கட்டினார்கள். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றார். மருமகள் வேலைக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், பங்காளியைத் தேடிப் போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு குரலுக்கு வைஃபையில் வேண்டிய இடம் மிகவும் கொஞ்சம். அன்று என் கால் முடிகிறவரை அவர் கோயில்காரர்களோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் என் பேச்சு உடைந்திருக்காது. இரண்டு குரலும் முதலிலேயே போகும்படிதான் நான் போட்டு வைத்திருந்தேன். இதை நான் எந்த வாயால் அவரிடம் சொல்வேன்?